பாய்மரக் கப்பலில் கரையோர விடுமுறைப் பயணம்: முழுமையான வழிகாட்டி

மரபான பாய்மரக் கப்பலில் விடுமுறையைக் கழிக்க விரும்புகிறவர் முதலில் கைவிட வேண்டியது நாள்வாரியான பயணத் திட்டத்தை. எந்தத் துறைமுகத்தில் ஏறுவது, எந்தத் துறைமுகத்தில் இறங்குவது என்ற இரண்டைத் தவிர வேறெதையும் அத்தகைய கப்பலின் தலைவர் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல மாட்டார். இடைப்பட்ட நாள்களில் எந்தத் தீவின் மறைவில் நங்கூரம் இடுவது, எந்த விரிகுடாவுக்குள் நுழைவது என்பதை அன்றன்று வீசும் காற்றைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். கப்பலைத் தேர்ந்தெடுப்பது முதல் வீடு திரும்பச் சீட்டு எடுப்பது வரை இங்கே சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவை.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில், 8 மணி நேரம் ஓடும் கப்பல் 48 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 89 கிலோமீட்டர் கடக்கிறது. காற்று பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கும்வரை இக்கணக்கு சரியாக இருக்கும். போக வேண்டிய திசையிலிருந்தே காற்று எதிர்த்து வீசினால், எந்தப் பாய்மரக் கப்பலாலும் நேராக ஓட முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்தோடித்தான் முன்னேற வேண்டும். குறுக்குப் பாய்களைக் கொண்ட பெரிய கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 65 பாகையைவிட நெருக்கமாகத் தன் அணியத்தை, அதாவது முன்முனையை, திருப்ப இயலாது என்பதால், அதே வேகத்தில் அதே 8 மணி நேரம் ஓடினாலும் இலக்கை நோக்கி அது நகர்வது சுமார் 20 கடல் மைல்தான். காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதால் வரும் இழப்பைக் கழித்தால் அதுவும் குறையும். நீளவாட்டுப் பாய்களைக் கொண்ட ஸ்கூனர் 55 பாகை வரை நெருங்கக்கூடியது என்று வைத்துக்கொண்டால், அதற்கு 27 கடல் மைல் கிடைக்கும். வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரம் என்று தோன்றும் தீவு, காற்றின் திசையைப் பொறுத்து அரை நாள் தொலைவாகவும் இருக்கலாம், இரண்டு நாள் தொலைவாகவும் இருக்கலாம்.

கப்பலைத் தேர்ந்தெடுத்தல்

பாய்மரக் கப்பல் என்று விளம்பரம் செய்யப்படுபவை எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. பார்க், பிரிக், ஸ்கூனர், கெட்ச் என்ற பெயர்கள் பாய்மரங்களின் எண்ணிக்கையையும் பாய்கள் அமைந்திருக்கும் முறையையும் குறிக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பயணிக்கு முதன்மையான கேள்வி வேறு: கப்பலில் கயிற்றை இழுப்பவர் யார்?

ஒரு முனையில் ராயல் கிளிப்பர் போன்ற கப்பல்கள் உள்ளன. 2000-ஆம் ஆண்டு சேவைக்கு வந்த அக்கப்பலில் 5 பாய்மரங்களும் 42 பாய்களும் உள்ளன. ஆனால் பாய் வேலைகளைப் பணியாளர்களும் இயந்திரங்களும் பார்த்துக்கொள்ள, பயணி தனியறையில் உறங்கி, மேல்தளத்தில் அமர்ந்து பார்க்கலாம். மறுமுனையில் நார்வேயின் பெர்கன் நகரைத் தாயகமாகக் கொண்ட ஸ்டாட்ஸ்ராட் லெம்கூல் உள்ளது. 1914-இல் ஜெர்மனியில் பயிற்சிக் கப்பலாகக் கட்டப்பட்ட, 98 மீட்டர் நீளமுள்ள இந்த மூன்று பாய்மரப் பார்க்கில் ஏறுகிறவர் பயிற்சி மாலுமியாகவே கருதப்படுவார். பொதுத் தளத்தில் தூளிப் படுக்கையில் உறங்கி, 4 மணி நேரம் காவல் பணி, 8 மணி நேரம் ஓய்வு என்ற முறைக்கு உட்படுவார்.

இவ்விரண்டுக்கும் நடுவே அமைவது அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையோர ஸ்கூனர்களின் வழக்கம். சரக்குக் கப்பல்களாக இருந்து பிழைப்பை இழந்த ஸ்கூனர்களில் விடுமுறைப் பயணிகளை ஏற்றிச் செல்லும் முயற்சியை ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்பவர் 1936-இல் அங்கே தொடங்கினார். 1871-இல் கட்டப்பட்ட லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச், ஸ்டீபன் டேபர் ஆகிய இரு ஸ்கூனர்களும் பின்னாளில் இந்தத் தொழிலுக்கே வந்து சேர்ந்தன. லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச் கப்பலுக்குள் உந்து இயந்திரமே கிடையாது. காற்று அறவே நின்றால் ஒரு சிறு படகு பின்னால் நின்று அதைத் தள்ளும். இத்தகைய பயணங்களில் பகலில் ஓடி இரவில் நங்கூரமிடுவதே வழக்கம் என்பதால், விரும்புகிறவர் கயிறு இழுக்கலாம், விரும்பாதவர் சும்மா இருக்கலாம், இரவில் எல்லாரும் உறங்கலாம். முதல்முறை செல்கிறவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். கடலோடு பழகுவதும் உறக்கம் கெடுவதும் ஒரே வாரத்தில் சேர்ந்து வரத் தேவையில்லை.

இன்னொரு வகையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். இந்தோனேசியாவின் பினிசி, துருக்கியின் குலெட் ஆகியவை மதிப்புமிக்க மரபுக்கலங்கள். தெற்கு சுலவேசியின் பினிசி கட்டும் கலை 2017-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் இன்று சுற்றுலாவுக்கு ஓடும் இக்கலங்கள் பலவற்றில் பாய் விரிப்பது புகைப்படத்துக்காக மட்டுமே. மற்ற நேரமெல்லாம் இயந்திரமே ஓட்டுகிறது. குளிக்கவும் தீவு பார்க்கவும் அது போதும். பாயோட்டம் வேண்டுகிறவர், பணம் கட்டும் முன்பே, சென்ற பருவத்தில் ஒரு வாரப் பயணத்தில் சராசரியாக எத்தனை மணி நேரம் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓடினீர்கள் என்று கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்விக்கு வரும் பதிலின் தெளிவே கப்பலின் தன்மையைச் சொல்லிவிடும்.

அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உண்டு. பயணிகளை ஏற்றுவதற்கான சான்றிதழ் நடப்பில் உள்ளதா, பயிற்சி பெற்ற நிரந்தர மாலுமிகள் எத்தனை பேர், பாய்மரம் ஏறப் பயணிகளை அனுமதிப்பார்களா, அதற்கு உடல் பிணைப்பு வார் தருவார்களா, உணவும் நனையா உடையும் கட்டணத்தில் அடங்குமா என்பன அவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வானிலை மோசமானால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 2012 அக்டோபர் 25 அன்று, சாண்டி புயல் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், பவுன்டி என்ற பாய்மரக் கப்பல் அமெரிக்காவின் நியூ லண்டனிலிருந்து புளோரிடாவை நோக்கிப் புறப்பட்டது. 29-ஆம் நாள் வட கரோலினாவுக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த 16 பேரில் 14 பேர் மீட்கப்பட்டனர். தலைவரும் பெண் மாலுமி ஒருவரும் உயிரிழந்தனர். இன்று புறப்படவில்லை என்று சொல்லத் தயங்காத தலைவரே நல்ல தலைவர். அப்படிச் சொல்லும்போது விடுமுறையில் ஒரு நாள் வீணாயிற்றே என்று முணுமுணுக்காத பயணியே அவருக்கு உதவியானவர்.

நாளும் பருவமும்

அந்தந்தக் கரைக்குரிய புயல் பருவத்தை விலக்கிவிட்டு, காற்று மிதமாகவும் சீராகவும் வீசும் மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 4 என்பது 11 முதல் 16 நாட் வரையிலான காற்று. கனமான மரபுக் கப்பலுக்கு உயிர் வருவது இந்த அளவில்தான். 22 நாட் வேகத்தைத் தாண்டி 6-ஆம் அளவுக்குச் சென்றால் புதியவர்களில் பலர் தளத்தில் நிற்கச் சிரமப்படுவார்கள். வெயில் காலக் கரையோரங்களில் காலை மந்தமாக இருப்பதும், நிலம் சூடேறிய பிறகு பிற்பகலில் கடற்காற்று வலுப்பதும், இரவில் நிலம் குளிர்ந்து நிலக்காற்று மெல்லக் கடலை நோக்கித் திரும்புவதும் இயல்பு. எனவே காலையில் பாய்கள் துவண்டு தொங்குவதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

பயண நாள்களின் இருபுறமும் குறைந்தது ஒவ்வொரு நாளை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். என் முதற்பயணத்தில், இறங்கும் நாளின் மாலைக்கே ரயில் சீட்டு எடுத்து வைத்திருந்தேன். கடைசி நாளில் காற்று திரும்பியது. துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கப்பல் பகல் முழுதும் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்க, நான் அந்த அழகான பகலைக் கடிகாரத்தைப் பார்த்தே கழித்தேன். சீட்டுப் போனதைவிட அந்தப் பகல் போனதே இழப்பு.

உடலும் பையும்

சாதாரண உடல்நலம் உள்ளவருக்குப் பெரும்பாலான கரையோரப் பயணங்கள் ஏற்றவையே. செங்குத்தான ஏணியில் ஏறி இறங்கவும், சாய்ந்த தளத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கவும் முடிந்தால் போதும். இதயநோய், வலிப்பு, மூட்டுக் கோளாறு போன்றவற்றை மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். கரையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும்போது கப்பலில் உள்ளவர்களுக்கு அந்தத் தாளே துணை. காப்பீடு எடுப்பவர், அது பாய்மரம் ஏறுவதையும் கப்பல் வேலையில் பங்கெடுப்பதையும் உள்ளடக்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பொதுவான பயணக் காப்பீடு இவற்றை விலக்கியிருக்கக்கூடும்.

துணிப்பை மட்டுமே கொண்டு செல்லுங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வைக்க இடம் இராது. ஒன்றின்மேல் ஒன்றாக அணியத்தக்க உடைகள், நனையாத மேற்சட்டையும் கால்சட்டையும், தளத்தில் கறை படியாத மென்ரப்பர் அடிக் காலணி, நாடா கட்டிய தொப்பி, வெயில் களிம்பு ஆகியவை அடிப்படை. கோடையிலும் இரவுக் கடற்காற்றில் உடல் நடுங்கும் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. கம்பளிச் சட்டை ஒன்றை மறக்காதீர்கள். சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு ஒன்று தேவை, ஏனெனில் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளும் கண்ணை, ஒரு வெள்ளை விளக்கு நொடியில் மீண்டும் குருடாக்கிவிடும். உங்கள் கண்ணை மட்டுமல்ல, சுக்கான் பிடித்திருப்பவரின் கண்ணையும். கண்ணாடிக்கும் கைபேசிக்கும் பிணைப்புக் கயிறு வேண்டும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஓடும் கயிற்றில் மோதிரம் சிக்கினால் விரலோடு போகும்.

குமட்டலுக்கு முன்னேற்பாடு

கடல் குமட்டல் பலவீனத்தின் அடையாளம் அல்ல. கப்பலின் அசைவை உட்செவி உணர்கிறது. அறைக்குள் சுவரையோ புத்தகத்தையோ பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டை மூளை தாங்காததால் விளைவதே குமட்டல். எனவே மருந்தைவிட முதன்மையான மருத்துவம், மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்ப்பது. கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் மிகக் குறைவு. அணியத்திலும் பின்புறத்திலும் மிகுதி. சுக்கானைப் பிடிக்க வாய்ப்புக் கிடைத்தால் பிடியுங்கள். அலையை முன்கூட்டி எதிர்பார்க்கும் உடலுக்குக் குமட்டல் எளிதில் வருவதில்லை.

மாத்திரை எடுப்பவர்கள் குமட்டல் தொடங்கிய பிறகு எடுப்பதில் பெரிய பயனில்லை. மெக்லிசின், சின்னரிசின் போன்றவற்றைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டையைக் குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது; ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடவும் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. உலர்ந்த, எண்ணெய் குறைந்த உணவைச் சிறிது சிறிதாக உண்ணலாம். வாந்தி வருமென்றால் காற்று போகும் பக்கத்துக்கே செல்ல வேண்டும். மறுபக்கம் சென்றவர் அந்தப் பாடத்தை ஒரே முறையில் கற்றுக்கொள்வார். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும்.

கப்பலில் முதல் நாள்

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, ஆபத்து ஒலி எது, எங்கே கூட வேண்டும், ஒருவர் கடலில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். விழுந்தவரைப் பார்த்தவரின் ஒரே வேலை, கத்திச் சொல்லிவிட்டு, அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிச் சுட்டிக்கொண்டே இருப்பது. பாய்மரக் கப்பல் திரும்பி வரப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் அலைகளுக்கிடையே ஒரு தலையைத் தொலைத்துவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கப்பல் கழிவறையின் இயக்கத்தையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டு, குழாயை அடைத்துவிட்டு, பிறகு எல்லார் முன்னும் ஒப்புக்கொள்வது அதைவிடக் கூச்சமானது. நன்னீர் அளவோடுதான் இருக்கும். உடலை நனைத்து, நீரை நிறுத்தி, சோப்புப் போட்டு, மீண்டும் திறந்து அலசுவதே கப்பல் குளியல்.

கயிறும் பாயும்

பாய் வேலைதான் இந்தப் பயணத்தின் உயிர் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். தளத்தின் ஓரங்களில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் கயிறுகளைப் பார்த்து முதல் நாள் எல்லாரும் மிரள்வார்கள். அவற்றின் வேலைகளோ சிலவே. பாயையோ பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலையோ மேலே ஏற்றும் கயிறு ஒரு வகை. அதை நம் மாலுமிகள் ஆஞ்சான் என்றார்கள். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடித்துக் காற்றை உள்ளே நிறுத்தும் கயிறு ஒரு வகை. பருமலைக் காற்றுக்கேற்பத் திருப்பும் கயிறு ஒரு வகை. பாயைச் சுருட்ட மேலே இழுக்கும் கயிறுகள் மற்றொரு வகை. எல்லாப் பாய்மரங்களிலும் இவை ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதால், ஒரு பாய்மரத்தைக் கற்றால் மற்றவை தாமே விளங்கும். ஒரு கயிற்றின் பெயர் நினைவில்லை என்றால், அண்ணாந்து பார்த்து அது எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் தொடருங்கள். பழைய மாலுமிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆணை வந்தால் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். தான் சொன்னதும் உங்களுக்குப் புரிந்ததும் ஒன்றே என்று ஆணையிட்டவருக்கு அப்போதுதான் தெரியும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தளத்தில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கட்டுமுளையிலிருந்து கயிற்றை அவிழ்க்கும்போது, பாரம் எவ்வளவு என்று தெரியாதவரை கடைசிச் சுற்றை எடுக்கக் கூடாது. அந்தச் சுற்றின் உராய்வுதான் நூற்றுக்கணக்கான கிலோ இழுப்பை உங்கள் இரு கைகளுக்கு அடக்குகிறது. வேலை முடிந்ததும் கயிற்றைக் கடிகார முள் சுழலும் திசையில் சுருட்டி முளையில் மாட்ட வேண்டும். நள்ளிரவில் திடீர்க் காற்றில் அதே கயிற்றை அவிழ்க்கப் போகிறவர், நீங்கள் சிக்கலின்றி விட்டுச் சென்றதை நம்பித்தான் வருவார்.

காற்றுக்கு எதிராகப் பக்கம் மாறும் தருணம் பார்க்கத் தக்கது. ஸ்கூனர் அணியத்தைக் காற்றுக்குள் செலுத்தி, பாய்கள் படபடத்து ஓய, மறுபக்கம் எளிதாகச் சாய்ந்துவிடும். குறுக்குப் பாய்க் கப்பலுக்கோ இது பெருமுயற்சி: வேகம் போதாவிட்டால் பாதித் திருப்பத்திலேயே நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும். அப்படி ஆகக்கூடுமென்று தோன்றினால், தலைவர் காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுற்றி வளைத்துத் திரும்புவார். அதில் பாடுபட்டுப் பெற்ற தூரத்தில் ஒரு பகுதி போய்விடும்.

சுக்கான் பிடிக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கும். சக்கரத்தைத் திருப்பியதற்கும் கப்பல் திரும்புவதற்கும் இடையே சில நொடிகள் கழியும். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து மேலும் திருப்புவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. சிறிதே திருப்பி, காத்திருந்து, கப்பல் அசையத் தொடங்கும்போதே பாதியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். திசைகாட்டியையே உற்றுப் பார்க்காமல், அணியத்துக்கு நேரே ஒரு மேகத்தையோ விண்மீனையோ குறியாக வைத்தால் பாதை நேராகும்.

பாய்மரம் ஏறுதல்

எந்த நல்ல கப்பலிலும் இது கட்டாயம் அல்ல. ஏற விரும்புகிறவர் கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது முதல்முறை ஏறிப் பழகுவது நல்லது. எப்போதும் காற்று வரும் பக்கத்திலிருந்தே ஏற வேண்டும். கப்பல் மறுபக்கம் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கத்துக் கயிற்றேணி சற்றுச் சரிவாக அமைகிறது, காற்றும் உங்களை ஏணியோடு அழுத்துகிறது. கால் வைக்கும் குறுக்குக் கயிறுகளைக் கையால் பிடிக்காமல், செங்குத்தான பெருங்கயிறுகளையே பிடிக்க வேண்டும். குறுக்குக் கயிறு அறுந்தாலும் பெருங்கயிறு நிற்கும். பாதி உயரத்தில் உள்ள மேடையை அடையுமுன் ஏணி சில அடி தூரம் வெளிப்புறமாகச் சாய்ந்து, முதுகு கடலைப் பார்க்கும்படி ஏற வேண்டியிருக்கும். பலர் திரும்பிவிடுவது அங்கேதான். அங்கிருந்து திரும்பியவர்களைக் கண்டு எந்த மாலுமியும் சிரித்ததை நான் பார்த்ததில்லை. பருமலின்கீழ் தொங்கும் மிதிகயிற்றில் கால் வைக்கும் முன் உரக்கச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உங்கள் எடை ஏறியதும் ஏற்கெனவே நிற்பவரின் காலடியும் துள்ளும். கைகள் இரண்டும் வேலையில் இருக்கும்போது வயிற்றைப் பருமலில் அழுத்திச் சாய்ந்து நிற்பதே நிலையான நிற்பு.

இரவும் நங்கூரமும்

இரவிலும் ஓடும் கப்பலில் நேரம் மணியோசையால் அளக்கப்படும். காவல் தொடங்கி அரை மணிக்கு ஓர் அடி, ஒரு மணிக்கு இரண்டு அடி என்று கூடி, நான்கு மணி நேர முடிவில் எட்டு அடி ஒலிக்கும்போது அடுத்த குழு தளத்துக்கு வரும். முன்காவலில் நிற்பவர் விளக்குகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: சிவப்பு விளக்கு தெரிந்தால் வேறொரு கலத்தின் இடப்புறத்தைக் காண்கிறோம், பச்சை என்றால் வலப்புறத்தை, சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் அது நம்மை நோக்கி நேரே வருகிறது. கடைசியாகச் சொன்னதை உடனே சொல்ல வேண்டும், உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

நங்கூரமிடும்போது ஆழத்தைப் போல நான்கு ஐந்து மடங்கு சங்கிலியை விடுவார்கள். கப்பலைப் பிடித்து நிறுத்துவதில் நங்கூரத்துக்கு நிகரான பங்கு, அடியில் படுத்துக் கிடக்கும் இந்தச் சங்கிலிக்கும் உண்டு. நங்கூரக் காவல் பயணிகளுக்கும் தரப்படலாம். கரையில் இரண்டு நிலையான பொருள்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் திசை மாறுகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதே வேலை. மாறிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள், தலைவரை எழுப்ப வேண்டும். ஐயத்தில் எழுப்பியதற்காக எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

இறங்கிய பிறகு

கப்பலை விட்டு இறங்கும் காலையில் தளத்தைக் கழுவி, பித்தளையைத் துடைத்து, கயிறுகளைச் சுருட்டி வைத்துவிட்டுப் போவது வழக்கம். கடந்த கடல் மைல்களை எழுதிக் கையொப்பமிட்ட சான்றைச் சில கப்பல்கள் தரும். பின்னாளில் பாயோட்டத் தேர்வுக்குச் செல்ல எண்ணுகிறவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கரையில் கால் வைத்ததும் நிலம் ஆடுவதாகத் தோன்றும். குளியலறையில் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் இது அடங்கும், அதுவரை வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. உப்பேறிய உடைகளை அன்றே நன்னீரில் அலசிவிடுங்கள். உப்பு ஈரத்தை இழுப்பதால் அவை எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் முழுமையாக உலரா.